அம்மாயியின் வெள்ளிக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டாம் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். சொன்னவர் முதலாளி இல்லை, மேலாளரும் இல்லை. எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி. இடம், இஸ்ரேலின் தெற்கே பீர்ஷெபாவுக்குப் பக்கத்தில் இருக்கும் நெவாதிம் என்ற சின்னக் கிராமம். 2011 டிசம்பர் மாத வெள்ளிக்கிழமை, மதியம் ஒரு மணி இருக்கும். அடுப்பில் மூன்று பாத்திரம், தோளில் ஒரு துண்டு, கையில் கரண்டி. அந்தக் கரண்டியை என் பக்கம் நீட்டித்தான் அதைச் சொன்னார். வாரத்துக்கு நாலு நாள் வேலை, ஐந்து நாள் வேலை என்று எங்கே பேச்சு எழுந்தாலும் எனக்கு அந்தக் கரண்டி ஞாபகம் வந்துவிடுகிறது. அன்று அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. இன்றும் சரியான பதில் இருக்கிறதா என்று தெரியவில்லை.

நான் பொள்ளாச்சிக்காரன். 2010 கோடையில் பீர்ஷெபாவுக்கு ஆய்வு வேலைக்குப் போனேன். போன முதல் வாரமே ஒரு குளறுபடி. ஞாயிறன்று பத்து மணி வரை தூங்கி எழுந்து, துணி துவைத்து, சோறு வைத்துக்கொண்டிருந்தபோது ஆய்வகத்திலிருந்து போன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். அங்கே வாரம் ஞாயிறன்று தொடங்குகிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை உடம்பு நம்பவில்லை, அவ்வளவுதான். நாம் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று கோள்களின் பெயரை வைத்து நாளைச் சொல்கிறோம். எபிரேயத்தில் ஞாயிற்றுக்கு 'யோம் ரிஷோன்', முதல் நாள். திங்களுக்கு இரண்டாம் நாள். இப்படியே ஆறாம் நாள் வரை வெறும் எண்தான். ஏழாவதற்கு மட்டும் சொந்தப் பெயர் உண்டு: சபாத். வெள்ளி சூரியன் மறைவதில் தொடங்கி சனி இருட்டும் வரை நீளும் ஓய்வுநாள்; மதப்பற்றுள்ளவர்களுக்கு அப்போது வேலையும் கூடாது, பயணமும் கூடாது. மற்ற ஆறு நாளும் அதற்கான வரிசையில் நிற்பவை.

போன கொஞ்ச நாளில் இன்னொரு வேடிக்கை. செப்டம்பர் 12 அன்று நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். வெயில் கொளுத்துகிறது, அதற்குள் குளிர்கால நேரமாம். ஐரோப்பாவில் அக்டோபர் கடைசியில்தான் மாற்றுவார்கள். இங்கே ஏன் இந்த அவசரம் என்றால், அந்த வாரம் யோம் கிப்பூர் நோன்பு. கடிகாரத்தைத் தள்ளிவைத்தால் நோன்பு முடியும் நேரம் ஏழுக்குப் பதில் ஆறு என்று காட்டும். நோன்பு என்னவோ அதே இருபத்தைந்து மணி நேரம்தான். மதக் கட்சிகள் 2005இல் கேட்டு வாங்கிய ஏற்பாடு இது. 2010இல் உள்துறை அமைச்சராக இருந்தவர் ஷாஸ் என்ற மதக் கட்சியின் எலி யிஷாய். மதச்சார்பற்றவர்களின் கோபமெல்லாம் அவர் தலையில்தான் விழுந்தது. 2013இல் சட்டத்தை மாற்றி அக்டோபர் கடைசி ஞாயிறு என்று ஆக்கும்வரை ஆண்டுதோறும் இதே சண்டை. நேரம் என்பது அந்த நாட்டில் கட்சி விஷயம் என்று எனக்கு முதலில் உறைத்தது அப்போதுதான்.

நெவாதிம் குடும்பத்தைத் தெரியவந்தது பீர்ஷெபா சந்தையில். தக்காளிக் கடையில் எனக்குப் பின்னால் யாரோ மலையாளத்தில் விலை பேசியது காதில் விழுந்தது. அதாவது, எபிரேயத்தில் பேரம், மனைவியிடம் மட்டும் மலையாளம். திரும்பிப் பார்த்து, வாளையாறு தாண்டினால் என் ஊர் என்றேன். "மோனே!" என்று கையைப் பிடித்துக்கொண்டவர் அப்புறம் விடவே இல்லை. கொச்சியிலிருந்து போன யூதக் குடும்பம். 1954இல் கப்பலேறியபோது அவருக்குப் பதின்மூன்று வயது. கொச்சி யூதர்கள் அந்த ஆண்டுதான் நெவாதிமில் குடியேறினார்கள். அவரை மாமா என்று அழைத்தேன். அவர் மனைவியை அம்மாயி என்றேன். மலையாளத்தில் அது அத்தை. எங்கள் கொங்கு நாட்டில் அம்மாயி என்றால் அம்மாவைப் பெற்ற பாட்டி. அவர் தன்னை அத்தையாக நினைத்துக்கொண்டார், நான் பாட்டியாக நினைத்துக்கொண்டேன், இருவருக்கும் வசதியாக இருந்தது. அந்த வீட்டுத் தோட்டத்தில் கறிவேப்பிலை மரம் நின்றது. மூன்று ஆண்டுகளில் அந்த மரத்தில் பாதியை நான்தான் தின்றிருப்பேன்.

ஒரு மணி நேரம் முன்னால்

மாமா வாழ்நாள் முழுக்க மஃப்தால்காரர். மஃப்தால் என்பது தேசிய மதக் கட்சியின் எபிரேயச் சுருக்கம். அதற்கு முந்தைய வேர்களில் ஒன்று 1922இல் ஜெருசலேமில் தொடங்கிய ஹபோயேல் ஹமிஸ்ராகி, மதப்பற்றுள்ள தொழிலாளர்களின் இயக்கம். 'தோராவும் உழைப்பும்' என்பது அவர்கள் முழக்கம். வேதமும் வேண்டும், மண்வெட்டியும் வேண்டும் என்ற கூட்டம். மாமா ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். தலையில் கிப்பா என்ற சின்னத் தொப்பி, சட்டைப் பையில் டெஸ்டர். அந்த முழக்கத்துக்கு ஒரு படம் போடச் சொன்னால் அவரைத்தான் போடுவேன்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு கணக்கு உண்டு. 1951இல் கோல்டா மேயர் தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது வந்தது வேலை நேரம், ஓய்வுச் சட்டம். வாரத்துக்கு 47 மணி நேரம். அது என்ன 47 என்று கேட்டேன், ஒற்றைப்படையில் யாராவது சட்டம் போடுவார்களா? விரலை மடக்கிக் காட்டினார். ஐந்து நாள் எட்டெட்டு மணி, நாற்பது. ஆறாவது நாள், வெள்ளி, ஏழு மணி. மொத்தம் 47. வாரத்தில் ஒரே ஒரு மணி நேரத்தைக் குறைத்திருக்கிறார்கள், அதுவும் ஓய்வுநாளுக்கு முந்தைய நாளில். யூதர்களுக்கு வார ஓய்வு முப்பத்தாறு மணி நேரம், அதில் சபாத் அடங்கியிருக்க வேண்டும். யூதரல்லாதவர்கள் தங்கள் வழக்கப்படி வெள்ளி, சனி, ஞாயிறில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நாடு பிறப்பதற்கு முன்பே, 1947 ஜூனில், பிறகு முதல் பிரதமரான பென்குரியனின் தரப்பு அகுதாத் இஸ்ரவேல் என்ற மதக் கட்சிக்கு எழுதிக்கொடுத்த கடிதத்தின் முதல் வாக்குறுதியே சபாத் சட்டப்படி ஓய்வுநாளாகும் என்பதுதான். கடிதம் ரபீ எனப்படும் மதகுருக்களுக்கு, கடிகாரம் தொழிலாளிக்கு. மாமாவைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. "ஆறு நாள் வேலை செய் என்பதும் கட்டளைதான் மோனே, ஏழாம் நாளை மட்டும் பிடித்துக்கொண்டால் எப்படி" என்பார். அது தனிக் கட்டளையா, அல்லது அடுத்த வரிக்கான முன்னுரையா என்று பழைய உரைகாரர்கள் காலத்திலிருந்தே வாதம் உண்டாம். ஐந்து நாள் வேலை வாரம் வந்தபோது ஆறாம் நாளை என்ன செய்வது என்ற கேள்வியை மாமா தன் நண்பர்களோடு மாலை முழுக்க உட்கார்ந்து அலசியிருக்கிறார். கடைசியில் வீட்டு வேலையும் வேலைதான் என்று முடிவானதாம். முடிவு செய்தவர்கள் எல்லோரும் ஆண்கள். இதை அப்போது நான் கவனிக்கவில்லை.

சபாத்துக்காக அரசாங்கங்கள் கவிழ்ந்த கதையை அவர் சொல்லும்போது கிரிக்கெட் வர்ணனை மாதிரி இருக்கும். 1976 டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவிலிருந்து முதல் எஃப்-15 போர் விமானங்கள் மூன்று வந்திறங்குகின்றன. வரவேற்பு விழா நீண்டு, வந்தவர்கள் வீடு திரும்புவதற்குள் சபாத் புகுந்துவிடும் நிலை. மதக் கட்சிகள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தன. கூட்டணியில் இருந்த மஃப்தால் உறுப்பினர்களில் பெரும்பாலோர் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள். பிரதமர் ராபின் அவர்களுடைய அமைச்சர்களை நீக்கினார், தானும் ராஜினாமா செய்தார். 1977 தேர்தலில் லிகுத் கட்சியின் பெகின் ஆட்சிக்கு வந்தார், நாட்டின் அரசியலே திரும்பியது. 1982இல் நாட்டின் விமான நிறுவனமான எல் ஆலின் விமானங்கள் சனிக்கிழமை பறப்பது நின்றது. 1999இல் ஒரு மின்நிலையத்துக்கான பிரம்மாண்டமான பாகத்தைச் சனிக்கிழமை சாலையில் கொண்டுபோனதற்காக ஐக்கிய தோரா யூதம் என்ற மதக் கட்சி பிரதமர் பராக்கின் கூட்டணியை விட்டு வெளியேறியது. இதையெல்லாம் மாமா சொல்லிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே ஒரு போர் விமானம் உறுமிக்கொண்டு போகும். அந்தக் கிராமத்தின் பெயரிலேயே பக்கத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது. மாமா வானத்தைப் பார்த்து, "இவனுக்கு மட்டும் எல்லா நாளும் ஒன்று" என்பார்.

எனக்கு மிகவும் பிடித்தது ட்ரூஸ் ஆய்வாளர்கள் கதை. சனிக்கிழமை கடையைத் திறந்து யூதத் தொழிலாளியை வேலை வாங்கும் முதலாளிக்கு அபராதம் போட வேண்டும். போடப்போகிற அதிகாரி யூதராக இருந்தால் அவரும் சபாத்தில் வேலை செய்ததாகிவிடும். எனவே தொழிலாளர் அமைச்சகம் யூதரல்லாத சிறுபான்மையினரான ட்ரூஸ் இனத்தவரை ஆய்வாளர்களாக அனுப்பியது. ஒருவருடைய ஓய்வைக் காக்க இன்னொருவர் வேலைக்குப் போக வேண்டும். இதைச் சிரிப்பாகத்தான் ஊரில் நண்பர்களுக்கு எழுதினேன். சிரிப்பு அம்மாயியின் சமையலறை வரைக்கும்தான்.

கடற்கரைக்குப் போக ஒரு நாள்

2011 ஜூலையில் அந்தப் பேச்சு சூடு பிடித்தது. லிகுத் கட்சியின் சில்வன் ஷாலோம் ஒரு திட்டத்தை முன்வைத்தார்: ஞாயிறு விடுமுறை. திங்கள் முதல் வியாழன் வரை தினமும் கொஞ்சம் கூடுதலாக வேலை, வெள்ளி மதியம் வரை அரை நாள், அப்புறம் சனியும் ஞாயிறும் லீவு. நெதன்யாகு அதை ஆராய ஒரு குழு போட்டார். அதே மாதம்தான் டெல் அவிவின் ரோத்ஷில்ட் சாலையில் வாடகை உயர்வுக்கு எதிராகக் கூடாரங்கள் முளைத்தன என்பதால் செய்தித்தாளில் இதற்கு இடம் குறைந்துபோனது. ஆனால் எங்கள் ஆய்வகத்தில் வேறு பேச்சே கிடையாது.

இதன் உள்விவகாரம் புரிய அங்கே கொஞ்ச காலம் இருந்திருக்க வேண்டும். பெரும்பாலான அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி விடுமுறை. ஆனால் பல பள்ளிகள் வெள்ளியும் உண்டு. ஆக வெள்ளி காலை, பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கணவன் மனைவி காபிக் கடையில் உட்கார்ந்திருப்பார்கள். மதச்சார்பற்றவர்களுக்கு அந்தக் காலைப் பொழுது ஒரு சின்னத் திருவிழா. அப்போது சனிக்கிழமை பேருந்து கிடையாது. ஹைஃபாவில் ஓடும், பீர்ஷெபாவில் ஓடாது. கார் இருப்பவர்கள் கடலுக்கோ மலைக்கோ போவார்கள். கார் இல்லாத என்னைப் போன்றவன் நடக்கும் தூரத்தில்தான் வாழ வேண்டும். மதப்பற்றுள்ளவர்கள் கார் வைத்திருந்தாலும் எடுக்க மாட்டார்கள். கால்பந்துப் போட்டிகள் சனிக்கிழமை; மாமா தீவிர ரசிகர், ஆனால் மைதானத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டத்தையும் பார்த்ததில்லை. மொத்தத்தில், லீவு கிடைக்கிற நாளில் அவர்களால் எங்கேயும் போக முடியாது, போக முடிகிற நாளில் லீவு கிடையாது.

மாமா திட்டத்துக்கு முழு ஆதரவு. தேசிய மத முகாமில் நிறையப் பேருக்கு இதில் விருப்பம் இருந்தது, காரணமும் எளிது. ஜனங்கள் சனிக்கிழமை ஏன் கடைக்கும் கடற்கரைக்கும் ஓடுகிறார்கள்? வேறு நாள் இல்லாததால். ஞாயிற்றைக் கொடுத்துவிட்டால் ஓட்டம் அங்கே போகும், சபாத் தானாக அமைதியாகும், அபராதமும் ஆய்வாளரும் வேண்டியதில்லை. இது மாமாவின் அரசியல் காரணம். சொந்தக் காரணம் வேறு. அவருடைய அக்கா வடக்கே, லெபனான் எல்லையை ஒட்டிய கஃபர் யுவாலில் இருந்தார். அதுவும் கொச்சிக்காரர்கள் குடியேறிய ஊர்தான். நாட்டின் ஒரு முனையில் தம்பி, மறுமுனையில் அக்கா. ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் பயணம் கூடாது. ஐந்து நாள் வாரம் வந்த பிறகும் வெள்ளி போனால் இருட்டுவதற்குள் திரும்ப முடியாது. பஸ்கா பண்டிகையின் இடைநாட்களில், வருடத்துக்கு ஒரு தடவை, பார்த்துவிட்டு வருவார்களாம். "ஞாயிறு இருந்திருந்தால் மாதம் ஒருமுறை போயிருப்பேன்" என்று அவர் சொன்னபோது, இந்தத் திட்டத்துக்கு எதிராக யாராவது பேச முடியுமா என்று நினைத்தேன்.

பேச முடியும் என்று மறுநாளே தெரிந்தது. ஆய்வகத்தில் ரஹத் ஊர்க்காரர் ஒருவர், பெடூயின் முஸ்லிம். வெள்ளி அவருக்குத் தொழுகை நாள், குடும்பம் கூடும் நாள். "இப்போது எனக்கு வெள்ளி லீவு இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு நான் கேட்காத ஞாயிற்றைக் கொடுப்பார்கள்" என்றார். சட்டம் அவருக்கு நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தருகிறது, சரி. ஆனால் ஆய்வகம் முழுக்க இயங்கும் நாளில் ஒருவர் மட்டும் வராமலிருக்கும் உரிமை எவ்வளவு நாள் செல்லும்? கிப்பா அணிந்த இன்னொரு நண்பருக்கு வேறு சங்கடம்: ஞாயிறு கிறிஸ்தவர்களின் நாள், நாம் ஏன் அதைக் கொண்டாட வேண்டும் என்று அவர் அப்பா கேட்கிறாராம். அதை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக்காரனின் நாள் என்பதற்காக ஒரு லீவை வேண்டாம் என்று சொல்வது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம்.

மூன்று பாத்திரம்

அந்த டிசம்பர் வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். கடைசிப் பேருந்தைப் பிடிக்க எனக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. குளிர்காலத்தில் அங்கே நாலரை மணிவாக்கில் சூரியன் இறங்கிவிடும். அதற்கு முன்பே மெழுகுவத்தி ஏற்றியாக வேண்டும். ஏற்றிய பிறகு தீ மூட்டக் கூடாது, அணைக்கக் கூடாது, சுவிட்சைத் தொடக் கூடாது. நாளை மதியம் வரைக்குமான சாப்பாடு இப்போதே வெந்திருக்க வேண்டும். ஒரு அடுப்பில் மீன் குழம்பு, கொச்சி மணத்தோடு. இன்னொன்றில் கோழி. மூன்றாவதில் ஹமீன், கோதுமையும் இறைச்சியும் போட்டு இரவெல்லாம் குறைந்த சூட்டில் இருக்கப்போகும் கூட்டு. அதை மூன்றரை மணிக்கு 'பிளாட்டா' என்ற மின்தட்டின் மேல் ஏற்றிவிட வேண்டும். வெந்நீர்க் குடுவையை நிரப்ப வேண்டும். விளக்குகளுக்கான டைமரை மாமா திருகுவார், அது அவர் துறை. அதைத் தவிர அந்த வீட்டின் வெள்ளிக்கிழமை முழுவதும் அம்மாயியுடையது. மகள் குடும்பம், மகன் குடும்பம், பேரப்பிள்ளைகள் என்று பதினான்கு பேர் வரப்போகிறார்கள். குளிர்பதனப் பெட்டிக்குள் எரியும் பல்பைக்கூடக் கழற்றி வைப்பதை அன்றுதான் பார்த்தேன். நாளைக்குக் கதவைத் திறந்தால் விளக்கு எரிந்துவிடுமே.

நான் சும்மா இருந்திருக்கலாம். வெங்காயம் உரித்துக்கொண்டே, மாமாவின் வாதங்களை என் வாதங்களாக எடுத்துவிட்டேன். ஞாயிறு லீவு வந்தால் எவ்வளவு நல்லது அம்மாயி, கஃபர் யுவால் போகலாம், கால்பந்து பார்க்கலாம், உங்கள் கட்சிக்காரர்கள் இதைத்தான் முதலில் கேட்டு வாங்க வேண்டும் என்றேன்.

"வெள்ளி எத்தனை மணி வரை வேலை என்கிறார்கள்?" என்று கேட்டார்.

"மதியம் வரை."

"என் மகள் பீர்ஷெபாவில் வேலை பார்க்கிறாள். பன்னிரண்டுக்கு விட்டால் வீட்டுக்கு வர ஒரு மணி. கடைக்குப் போனால் இரண்டு. மெழுகுவத்தி நாலு மணிக்கு. இந்த மூன்று பாத்திரத்தை இரண்டு மணி நேரத்தில் அவள் எப்படி இறக்குவாள்?"

வியாழன் இரவே சமைக்கலாமே என்றேன். வியாழன் அரை மணி கூடுதல் வேலை என்று நீதானே சொன்னாய் என்றார். அப்புறம்தான் கரண்டி என் பக்கம் நீண்டது. "ஞாயிறு லீவு தருகிறேன் என்று என் வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். எனக்கு அந்த ஞாயிறு வேண்டாம். ஞாயிற்றுக்கும் மூன்று வேளை சாப்பாடு யார் செய்வார்கள்? இவரா?"

மாமா டைமரோடு நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. "ஐம்பது வருடம் சபாத் எப்படி வந்துசேர்கிறது என்று நான் ஒருநாளும் கணக்குப் போட்டதில்லை" என்று பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார். பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது எனக்கு அந்த 47 திரும்ப ஞாபகம் வந்தது. எட்டுக்குப் பதில் ஏழு. அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு வெள்ளி மாலை வீட்டில் ஏதோ வேலை இருக்கிறது என்பது தெரிந்திருக்கிறது. அது ஒரு மணி நேர வேலை என்று நினைத்துவிட்டார்கள்.

என் வீட்டையும் நினைத்துக்கொண்டேன். அப்பாவுக்கு ஞாயிறு லீவு. அன்றைக்குத்தான் கறி எடுப்போம், அன்றைக்குத்தான் மாமா, சித்தி எல்லோரும் வருவார்கள். அம்மா ஞாயிறன்று உட்கார்ந்து பார்த்ததாக ஞாபகமே இல்லை. இதை நான் அங்கே போய்த்தான் கவனிக்க வேண்டியிருந்தது என்பதில் எனக்கு வெட்கம்தான்.

அதன் பிறகு இந்தக் கட்சிகளின் பட்டியல்களை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். ஷாஸ், ஐக்கிய தோரா யூதம் இரண்டின் சார்பிலும் இன்றுவரை ஒரு பெண்கூட நாடாளுமன்றத்துக்குப் போனதில்லை. மாமாவின் மஃப்தாலில் தோவா சன்ஹெத்ராய் என்ற ஒருவர் 1959 முதல் 1974 வரை இருந்திருக்கிறார், துணை சபாநாயகராகவும் ஆனார். அப்படிப் பார்த்தால் சபாத்துக்காக ஆட்சியையே கவிழ்த்த கூட்டத்தில் சபாத்தைச் சமைத்தவர்கள் யாரும் ஏறக்குறைய இல்லை. ஷாஸுக்கும் ஐக்கிய தோரா யூதத்துக்கும் வாக்களிக்கும், கடுமையான மதக் கட்டுப்பாட்டில் வாழும் ஹரேதிச் சமூகத்தில் இது இன்னும் கூர்மை. அங்கே வேலைக்குப் போகும் ஆண்கள் பாதியைச் சற்றே தாண்டுவார்கள், மற்றவர்கள் பெரும்பாலும் வேதபாடசாலைகளில். பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் வேலைக்குப் போகிறார்கள். அலுவலக வேலை நேரத்தைக் குறைத்தால் அதிகம் பயன்பெறுவது அவர்களுடைய சொந்த வாக்காளர்களின் மனைவிகள்தான். ஆனாலும் அந்தக் கட்சிகள் முழு மூச்சோடு இறங்குவது நேரத்தைக் குறைக்க அல்ல, கடையை அடைக்க. 2018 ஜனவரியில் ஷாஸின் ஆர்யே தெரி உள்துறை அமைச்சராக இருந்து நிறைவேற்றிய மளிகைக்கடைச் சட்டம் நல்ல உதாரணம்: சனிக்கிழமை கடை திறக்க ஊராட்சிகள் விதி போட்டால் அதைத் தடுக்கும் அதிகாரம் உள்துறை அமைச்சருக்கு. 58க்கு 57 என்று ஒரே ஓட்டில் தேறியது. அதற்குச் சில வாரம் முன்புதான் சனிக்கிழமை ரயில் பாதைப் பராமரிப்பைக் கண்டித்து யாக்கோவ் லிட்ஸ்மன் சுகாதார அமைச்சர் பதவியை விட்டார். அதே 2018 ஏப்ரலில் நாடு முழுக்க வேலை வாரம், பழைய 47இலிருந்து குறைந்து 43 மணியாக இருந்தது, 42 ஆனது. வாரத்தில் ஏதோ ஒரு நாள் ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போகலாம். அதைக் கொண்டுவந்தது தொழிற்சங்கமும் முதலாளிகள் தரப்பும் பேசிச் செய்த ஒப்பந்தம்.

ஞாயிறு திட்டம் என்ன ஆனது? குழுவின் தலைவர் பொருளாதார அறிஞர் யூஜின் கண்டெல். அடுத்த ஆண்டு, வேண்டாம் என்று பரிந்துரைத்தது குழு. வெள்ளி அரை நாள் வேலை காகிதத்தில்தான் அரை நாளாக இருக்கும் என்பது ஒரு காரணம். 2016இல் எலி கோஹன் என்ற உறுப்பினர் ஆண்டுக்கு ஆறு ஞாயிறு மட்டுமாவது என்று கொண்டுவந்த மசோதா அமைச்சர்கள் குழுவைத் தாண்டியது, சட்டமாகவில்லை. ரூத் கவிசோன் என்ற மதச்சார்பற்ற சட்டப் பேராசிரியையும் யாக்கோவ் மெதான் என்ற ரபீயும் உட்கார்ந்து எழுதிய உடன்படிக்கை ஒன்றும் உண்டு: சனிக்கிழமை வணிகம் கூடாது, ஆனால் உணவகமும் அருங்காட்சியகமும் திறக்கலாம், அளவாகப் பேருந்தும் ஓடலாம். எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. எந்தக் கட்சியும் அதை முழுதாகக் கையில் எடுக்கவில்லை.

என் சொந்த நிலைப்பாடு எங்கே நிற்கிறது என்று கேட்டால், இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கிறேன். மாமாவுக்கு ஞாயிறு கிடைத்திருக்க வேண்டும். அவர் ஓய்வு பெற்ற பிறகு எல்லா நாளும் ஞாயிறுதான், ஆனால் அதற்குள் முழங்கால் போய்விட்டது, ஐந்து மணி நேரப் பேருந்து ஆகாது. அம்மாயிக்கு வெள்ளி போயிருக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமென்றால் நாலு நாள்தான் வேலை. அந்த நாட்டில் இதை எந்த அமைச்சரும் வாய் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடை இல்லாத, பேருந்து இல்லாத, போன் அடிக்காத அந்தச் சனிக்கிழமைகளை முதல் வருடம் திட்டித் தீர்த்தேன். இப்போது சென்னையில் சனியும் ஞாயிறும் லீவு. இரண்டு நாளும் யாராவது ஒரு கோப்பைக் கேட்டு செய்தி அனுப்புகிறார்கள், நானும் அனுப்பிவைக்கிறேன்.

நான் ஊர் திரும்புவதற்குச் சில மாதம் முன்பு, 2013 ஜனவரியில், தேர்தல் வந்தது. மாமாவின் கட்சி அப்போது 'யூதர் இல்லம்' என்ற புதுப் பெயரில், நஃப்தலி பென்னட் தலைமையில் நின்றது. பன்னிரண்டு இடம் வாங்கியது. தேர்தலுக்கு முந்தைய வெள்ளி, காலை பதினோரு மணிக்கு ஒரு பையன் துண்டறிக்கையோடு நெவாதிம் வீட்டு வாசலில் நின்றான். இருபது வயதுதான் இருக்கும். பின்னல் கிப்பா, தோளில் பை. அவன் தொண்டையைச் செருமுவதற்குள் மாமா, "எங்கள் ஓட்டு உனக்குத்தான், நேரத்தை வீணாக்காதே" என்று சொல்லிவிட்டார். அம்மாயி மாவுக் கையோடு உள்ளேயிருந்து வந்து, "என் ஓட்டை இவர் சொல்ல வேண்டாம்" என்றார். பையன் விழித்தான். ஞாயிறு லீவைப் பற்றி உங்கள் கட்சி என்ன சொல்கிறது என்று கேட்டார். அவன் உற்சாகமாகி, குடும்பத்தோடு நேரம், சபாத்தின் புனிதம் என்று ஆரம்பித்தான்.

"உன் வீட்டில் வெள்ளிக்கிழமை யார் சமைக்கிறார்கள்?"

"அம்மா."

"அவர் இப்போது எங்கே?"

பையன் கடிகாரத்தைப் பார்த்தான். நெத்தான்யாவில், வீட்டில், என்றான். இங்கிருந்து இரண்டு பேருந்து மாற வேண்டும். அம்மாயி உள்ளே போய், அப்போதுதான் பொரித்தெடுத்த பாஸ்டெல் என்ற பலகாரம் நாலை ஒரு காகிதத்தில் சுற்றிக்கொண்டுவந்து அவன் பையில் வைத்தார். துண்டறிக்கையை வாங்கி எண்ணெய்க் கையைத் துடைத்தார். "போ, பஸ் நின்றுவிடும். போய் அவளுக்கு ஒரு வெங்காயமாவது உரித்துக்கொடு."